பின்சில்லில் பட்ட ஒயில்

அன்று கராஜில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். மேசையில் முதலாளி, வேலை நடக்கும் இடத்தில் மெக்கானிக் அந்தோனி அண்ணன், கார் கழுவி அடிப்பக்கத்துக்கு ஒயில் அடிக்கிற நசீர், வேலைச் சீட்டு எழுதுகிற நான். இருக்கவேண்டியவர்களில் இல்லாதவர் தலைமை மெக்கானிக்கான பாஸ் ஒருவர்தான். வெருகல் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று லீவு போட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் இல்லாததால் வேலை நிற்கவில்லை. வழக்கத்தைவிட வேகமாகவே நடந்தது.

இந்த மாதத்தோடு நான் இங்கிருந்து விலகுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போ என்று முதலாளி சொன்னார். அறிவுரை சொல்லும் வயது எனக்கில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு வரை போனவன் நான் ஒருவன்தான். என் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். என்னை இங்கே சேர்த்தபோது, "காரைத் தொடாதே, பேனையைப் பிடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே சக்கரச் சில்லை எப்படிக் கழற்றுவது, கிரீஸ் எங்கே பூசுவது என்பதை அந்தோனி அண்ணனிடம் கேளுங்கள். அவர் உங்களை விடமாட்டார். நான் சொல்வது அந்த ஒரு நாளைப் பற்றியது.

எங்கள் ஊர்க் காருக்கு எதிரி கடல்தான். துறைமுகப் பக்கத்தில் ஓடுகிற காருக்குக் கீழே கைவைத்தால் துரு உதிரும். அதனால் மற்ற ஊர்க்காரர் கேட்காத ஒன்றை எங்களிடம் வருகிறவர்கள் கேட்பார்கள். கழுவி முடிந்ததும் பழைய எஞ்சின் ஒயிலில் மண்ணெண்ணெய் கலந்து, காற்றுக் குழாயால் காரின் அடி முழுக்க விசிற வேண்டும். அது படிந்தால் உப்புக் காற்று தகட்டைத் தின்னாது. இதை நசீரைப்போல் செய்ய ஆளில்லை. மட்காட்டின் உள்மடிப்பில் விரல் போகாத இடத்துக்கும் ஒயிலை அனுப்பிவிடுவான்.

அன்று காலையில் தபாலதிபர் ஐயா தன் ஏ-40 காரோடு வந்தார். அந்தக் காரைத் தன் பிள்ளையைப்போல் பார்க்கிறவர். மாதம் தவறினாலும் அடிக்கு ஒயில் அடிக்கத் தவறமாட்டார்.

"தம்பி, பின்சில்லுக்குள்ள கீச்சுக் கீச்செண்டு ஒரு சத்தம். பிறேக்கைத் திறந்து தூசி தட்டிப் பாக்கச் சொல்லுங்கோ. அடிக்கு ஒயிலும் அடிச்சு மத்தியானத்துக்குத் தந்திடவேணும்."

"இண்டைக்கேயோ ஐயா? பாஸ் இல்லை. நாளைக்கெண்டா ஆறுதலாச் செய்யலாம்."

"நாளைக்கு ஏலாது. இண்டைக்கு மகளையும் பேரனையும் கிளிவெட்டிக்குக் கொண்டுபோய் விடவேணும். பிள்ளை பிறந்து முதல்முதலாத் தகப்பன் வீட்டுக்குப் போறான். நல்ல நேரம் பாத்து எல்லாம் சொல்லியாச்சு. சம்பந்தி வீட்டார் வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருப்பினம்."

முதலாளி மேசையிலிருந்தே தலையாட்டினார். நான் சீட்டு எழுதினேன்.

வழக்கமான ஒழுங்கு இதுதான்: பிறேக் வேலை முடிந்து, பிறேக்குக்கு மூடிபோல் இருக்கிற ட்ரம்மைப் பூட்டி, சில்லைப் பூட்டிய பிறகே ஒயில் அடிப்பது. அப்போதும் சில்லுகளுக்குச் சாக்குக் கட்டுவோம். அன்று அந்தோனி அண்ணன் பின்சில்லு இரண்டையும் கழற்றி, காரைக் கட்டையில் ஏற்றி, ட்ரம்மைத் திறந்து தூசி தட்டினார். கீச்சிட்ட இடத்தையும் கண்டுபிடித்துச் சரிப்படுத்தினார். அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட, ட்ரம்மைப் பூட்டாமலே வீட்டுக்குப் போனார். நசீர் வந்து பார்த்தான். சில்லு இல்லாத கார், மட்காட்டின் உள்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. இதைவிட நல்ல வசதி எப்போது கிடைக்கும்? பிறேக்கில் ஒயில் படக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். சாக்கில் மண் இருக்கிறது, பிறேக்குக்குள் மண் விழும் என்று எண்ணி, பழைய பேப்பரை மடித்து இரண்டு பக்கத்துக்கும் வடிவாகச் சுற்றினான். அதன் பிறகே ஒயில் அடித்தான்.

அந்தோனி அண்ணன் திரும்பிவந்தார். பேப்பரைக் கழற்றி எறிந்தார். கவனமாகத்தான் மூடியிருக்கிறான் என்று நினைத்து ஒருதரம் துணியால் துடைத்துவிட்டு ட்ரம்மைப் பூட்டினார். முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். காலால் மிதித்ததும் கார் நின்றது. பாஸ் இருந்தால் வாசல் ஏற்றத்தில் நிறுத்திக் கை பிறேக்கையும் இழுத்துப் பார்த்திருப்பார். அன்று தபாலதிபர் ஐயா வாசலிலேயே வந்து நின்றார். பின்சீட்டில் மகள் ஏறினார், மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளை. கார் போய்விட்டது.

தேத்தண்ணி வந்தது. குப்பைப் பெட்டியில் கிடந்த பேப்பரைக் கண்டதும் நான் கையை விட்டேன். எழுத்துள்ள எதையும் சும்மா எறிய எனக்கு மனம் வராது.

"பாருங்கோ, பாருங்கோ," என்றார் அந்தோனி அண்ணன். "வடை சுத்தின பேப்பர் முடிஞ்சு இப்ப குப்பைப் பேப்பர். நசீர், உன்ர சட்டையில ஏதும் எழுதியிருந்தா மறைச்சுவை. அதையும் வாசிப்பான்."

விரித்தேன். வாசிக்க முடியவில்லை. வெளிப்பக்கம் கறுப்பு. அதை எதிர்பார்த்தேன். உள்பக்கமும் ஈரமாக இருந்தது. பல மடிப்பு மடித்திருந்தும், பிறேக்கைத் தொட்டுக்கொண்டிருந்த கடைசித் தாள்வரை ஒயில் ஊறி, மறுபக்கத்து எழுத்துத் தெரிந்தது. மண்ணெண்ணெய் கலந்த ஒயில் தண்ணீர்போல் இறங்கியிருக்கிறது.

தாளை அந்தோனி அண்ணனிடம் நீட்டினேன். அவர் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். கிளாசைக் கீழே வைத்தார்.

"நான் துடைச்சனான்," என்றார்.

"காஞ்ச துணியாலயோ?"

"துடைச்சனான்தானே. முன்பிறேக் நல்லாக் கிடக்கு. காலால மிதிச்சா கார் நிக்கும். நீயும் பாத்தனி."

"கை பிறேக்?"

அவர் தாளை மறுபடியும் தேய்த்தார். கை பிறேக் பின்சில்லை மட்டும்தான் பிடிக்கும். இது உங்களுக்கும் சொல்லித் தரப்படும். முற்றத்தில் ட்ரம் குளிராக இருந்தபோது ஓரளவு பிடித்திருக்கும். சில மைல் ஓடி ட்ரம் சூடானதும் உள்ளே இருக்கிற ஒயில், ட்ரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங் முழுக்கப் பரவி வழுக்கும். தட்டையான தெருவில் அவருக்கு எதுவுமே தெரியாது. சரிவில் நிறுத்தினால்தான் தெரியும்.

கிளிவெட்டிக்குப் போகிற தெருவில் சரிவு எங்கே இருக்கிறது என்று நசீருக்கே முதலில் விளங்கியது. அவன் வீடு கிண்ணியாவில்.

"எங்கட துறை," என்றான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

கிண்ணியாத் துறையில் பாலம் இல்லை. வாகனங்களை மிதவையில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். அது வரும்வரை காரும் லொறியும் தண்ணீரைப் பார்த்தபடி இறக்கத்தில் வரிசையாக நிற்கும்.

"எல்லாரும் கை பிறேக்கை இழுத்துப்போட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போயிருவாங்க," என்றான் நசீர். "பச்சைப் பிள்ளை வைச்சிருக்கிற பொம்பிளை வெயிலுக்குள்ள இறங்கமாட்டா. காருக்குள்ளதான் இருப்பா."

முதலாளி மேசையை விட்டு எழும்பி வந்தார். பேப்பரைப் பார்த்தார். "ஆர் இதைச் சுத்தினது? ட்ரம்மை ஏன் திறந்துபோட்டுப் போனது?" என்று கேட்டார். அந்தோனி அண்ணன் நசீரைக் காட்டினார். நசீர் அந்தோனி அண்ணனைக் காட்டினான். சாக்கு, பேப்பர், சாப்பாடு, ஒழுங்கு என்று குரல் ஏறியது. தம்பிமாரே, அந்த நாளில் நாங்கள் வீணாக்கிய நேரத்தில் மோசமானது இதுதான். பிழை யாருடையது என்று நாங்கள் பிரித்துக்கொண்டு நின்றபோது கார் துறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வாய் திறக்கத் துணிவு வரவில்லை. சீட்டு எழுதுகிறவன் மெக்கானிக்குக்கும் முதலாளிக்கும் நடுவில் என்னத்தைச் சொல்வது?

"மறிச்சு என்னெண்டு சொல்லப்போறியள்?" முதலாளி கேட்டார். "உங்கட காரைப் பழுதாக்கிப்போட்டம் எண்டோ? நாளைக்குத் தபால் கந்தோர் முழுக்க இதே கதையாத்தான் இருக்கும். திரும்பி வரட்டும். கழட்டி வடிவாச் செய்து குடுப்பம். அந்தாள் கவனமாத்தான் ஓடுவார்."

நசீர்தான் சொன்னான்: "என்ட தலையில போடுங்க முதலாளி. நான்தான் எண்டு சொல்லுங்க, வேலையால நிப்பாட்டுங்க. ஆனா போய் மறிங்க."

அதைக் கேட்ட பிறகு எனக்கும் வாய் வந்தது. "முதலாளி, காருக்குள்ள கைப்பிள்ளை இருக்கு," என்றேன்.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தன் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து அந்தோனி அண்ணனிடம் எறிந்தார். "ரெண்டு பேரும் போங்கோ. நான் துறைக் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்துப் பாக்கிறன்."

சில்லுக்கு அடைவைக்கிற மரக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. வெறுங்கையோடு போக மனம் கேட்கவில்லை.

சீனன்குடாவுக்கு அண்மையில் ரயில் கேட் பூட்டியிருந்தது. ரயில் கண்ணுக்கே தெரியவில்லை. அந்தோனி அண்ணன் இறங்கி, மோட்டார் சைக்கிளைச் சரித்து அடியால் தள்ளப் பார்த்தார். காவல்காரர் ஓடிவந்து மறித்தார்.

"அவசரம் அண்ணை, விடுங்கோ."

"எல்லாருக்கும் அவசரம்தான். ரயிலுக்கு உம்மட அவசரம் தெரியாது. பின்னால எடும்."

நின்றோம். எஞ்சினை அணைக்க அவருக்கு மனமில்லை. "நான் துடைச்சனான் தம்பி," என்று மறுபடியும் சொன்னார். நான் ஓம் என்றேன். தண்டவாளத்தைப் பார்த்தபடி, "நல்லாத் துடைக்கேல்லை," என்றார். நான் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்குள் ஒரு கார் எவ்வளவு நேரம் மிதக்கும், பின்கதவு உள்ளிருந்து திறக்குமா, அன்று கதவுப் பூட்டுக்கு ஒயில் விட்டோமா இல்லையா என்று மனம் ஓடியது. வெறும் பெட்டிகளாக ஒரு சரக்கு ரயில் ஆறுதலாகப் போனது.

துறையை அடைந்தபோது எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கூடப் பயத்தைத் தந்தது. மிதவை இக்கரைக்கு வந்து, பலகை இறக்கிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் முதலாவதாக நெல் மூட்டை ஏற்றிய லொறி. அதற்குப் பின்னால் எங்கள் ஏ-40. தபாலதிபர் ஐயா மரத்தடித் தேத்தண்ணிக் கடையில் ஒரு காலை வாங்குப் பலகையில் வைத்தபடி யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். காரின் பின்சீட்டில் மகள், பிள்ளைக்கு விசிறிக்கொண்டு.

"நிக்குது," என்றேன். "அண்ணை, கார் நிக்குது."

அந்தோனி அண்ணன் என் தோளைப் பிடித்தார். "முன்பக்கம் பார்."

காரின் முன் பம்பர் லொறியின் பின்பலகையில் முட்டிக்கொண்டிருந்தது. ஒரு துறையில் எந்தச் சாரதியும் அப்படி நிறுத்தமாட்டான். கார் எப்போதோ மெதுவாக உருண்டு, லொறியில் சாய்ந்து நிற்கிறது. ஐயா கியரிலும் விடுவதில்லை. எஞ்சினுக்குக் கெடுதி என்பது அவர் எண்ணம். கை பிறேக் பிடிக்கவில்லை, கியர் இல்லை. லொறி ஒன்றுதான் காரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து லொறி ஸ்டார்ட் ஆனது.

கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் அந்தப் பெண் பயந்து, பிள்ளையோடு உருளுகிற காரிலிருந்து இறங்கப் பார்ப்பார். கட்டையைச் சில்லுக்கு முன்னால் வைக்கலாமா? நான் குனியும்போது லொறி நகர்ந்தால் கார் என் கைமேல்தான் ஏறும், அதற்கு மேலும் நிற்குமா தெரியாது. முன்பிறேக் நன்றாக இருக்கிறது, காலால் மிதிக்க ஒரு ஆள் போதும். நான் கார் ஓட்டத் தெரியாதவன்.

"நீங்கள் காருக்குள்ள ஏறுங்கோ. நான் லொறியை மறிக்கிறன்," என்றேன்.

ஓடிப்போய் லொறிக்கு முன்னால் பலகையில் நின்றேன். கையில் கட்டை.

"டேய்! விசரா!" சாரதி தலையை வெளியே போட்டார். "கட்டையோட வந்து நிக்கிறாய், அடிக்கப்போறியா? ஒதுங்கடா!"

"எடுக்காதேங்கோ அண்ணை! பின்னுக்குக் கார்!"

"பின்னுக்குக் கார் நிக்குதெண்டா அது பின்னுக்கு நிக்கட்டும்! நான் முன்னுக்குத்தானே போறன்!"

சாரதி என் தாய் தகப்பனை இழுத்து ஏச, மிதவைக்காரரும் சேர்ந்துகொண்டார். லொறி ஒரு சாண் அசைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் விலகவில்லை. பிறகு பின்னாலிருந்து அந்தோனி அண்ணனின் குரல் வந்தது: "சரி தம்பி! மிதிச்சிட்டன்! கட்டையைக் கொண்டா!"

ஓடிப்போய் முன்சில்லுக்கு முன்னால் கட்டையை வைத்தேன்.

தபாலதிபர் ஐயா ஓடிவந்தார். "ஆரைக் கேட்டு என்ர காருக்குள்ள ஏறினனீர்? பொம்பிளைப் பிள்ளை தனிய இருக்கிற இடத்தில?"

அந்தோனி அண்ணன் பிறேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. நான் சொன்னேன். ட்ரம், பேப்பர், ஒயில், எல்லாம். வெயிலில் கூட்டம் கூடிநின்று கேட்டது. அவர் நம்பவில்லை. "கை பிறேக் இழுத்துத்தான் கிடக்கு, பாரும்!" என்றார். அந்தோனி அண்ணன் மிதித்த காலை மெல்ல எடுத்தார். கை பிறேக் இழுத்தபடியே இருக்க, கார் முனகிக்கொண்டு வந்து கட்டையில் இடித்து நின்றது.

அவர் அந்தக் கட்டையையும் அதற்கப்பால் தண்ணீரையும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அப்பவே சொன்னனான் அப்பா, கார் அசைஞ்சதெண்டு," என்றார் மகள். "நீங்கள்தான் லொறிக்காரன் முட்டியிருப்பான் எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனனீங்கள்."

லொறிச் சாரதி இறங்கிவந்து எல்லாவற்றையும் பார்த்தார். என் முதுகில் ஒரு அடி போட்டார். "தம்பி, இதை முதலே சொல்லியிருந்தா நான் உன்ர தாய் தகப்பனை எல்லாம் இழுத்திருக்கமாட்டனே," என்றார்.

அவர்கள் நடந்தே மிதவையில் ஏறினார்கள். அக்கரையில் ஒரு வாடகைக் காருக்கு நானே கதைத்து ஏற்றிவிட்டேன். ஐயா கடைசிவரை என்னோடு பேசவில்லை. அந்தோனி அண்ணன் முதலாம் கியரிலேயே காரை ஊர்ந்து ஊர்ந்து நகரத்துக்குக் கொண்டுவந்தார். முதலாளி கேட்ட ரெலிபோன் இணைப்பு அதுவரை கிடைக்கவில்லை. நாங்கள் அதை நம்பி இருந்திருந்தால் என்று இன்றும் சில நேரம் நினைப்பேன்.

அடுத்த கிழமை தபாலதிபர் ஐயா வந்தார். "இது ஆரின்ர பிழை?" என்று கேட்டார். நசீர் ஓரடி முன்னால் வைத்தான். அதற்குள் முதலாளி சொன்னார்: "என்ர கராஜ் ஐயா. என்ர பிழை." ஐயா காரை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வேறு இடத்தில்தான் பார்க்கிறார். அவரோடு கந்தோர்க்காரர் வேறு சிலரும் போனார்கள். உண்மையைச் சொன்னதற்கு யாரும் மாலை போடவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாஸ் திரும்பிவந்து கேட்டார். ஏசவில்லை. கழற்றியவன் பூட்டாமல் சாப்பிடப் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார். அந்த ஒழுங்கு இன்றும் இருக்கிறது. நீங்கள் பசியோடு நிற்கும்போது எங்களைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். நான் அதோடு இன்னொன்றையும் சேர்ப்பேன். அந்தோனி அண்ணன் அசட்டையான ஆள் இல்லை. நசீரும் இல்லை. இருவருமே கவனமாகத்தான் செய்தார்கள். மற்றவன் கவனமாகச் செய்திருப்பான் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நல்லதுதான், ஆனால் கார் வாசலைத் தாண்டுமுன் அதைக் கையால் இழுத்துப் பார்க்கவேண்டும். பிழை தெரிந்துவிட்டால் முதலில் காரை மறியுங்கள். யாருடைய பிழை என்ற கதை ஓடிப்போகாது, கராஜிலேயே இருக்கும்.

புதிய லைனிங் அந்த நாட்களில் இறக்குமதி இல்லாமல் தங்கம்போல் இருந்தது. கொழும்பில் தெரிந்த ஒருவரைப் பிடித்துத்தான் எடுப்பித்தோம். எல்லாம் முடிந்த பிறகு ஒரு பின்னேரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அந்த நாள் எங்களுக்கு எவ்வளவு முடிஞ்சுது? கூட்டிப் பாரும்."

லைனிங், கொழும்புக்கு ஆள் போய்வந்த செலவு, அக்கரை வாடகைக் கார், ஐயாவுக்குத் திருப்பிக் கொடுத்த சேர்விஸ் காசு, பெற்றோல். என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகமாக வந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இருநூற்றுப் பதினாறு ரூபாய், முதலாளி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டார்.

"ஓம் முதலாளி," என்றேன். "இருநூற்றுப் பதினாறு ரூபாய்தான்."